டிஸ்சார்ஜுக்குப் பிறகு நோயாளி என்ன ஆனார்? பாஸ்டன் முதல் ஜெனிவா வரை

ஞாயிறு, பாஸ்டன்

என் வேலை ஒரு மருத்துவமனையின் தரப் பிரிவில். மருத்துவமனை தரமாக நடக்கிறது என்று ஒரு வெளி அமைப்பு வந்து பார்த்துச் சான்று தருவதுதான் அங்கீகாரம். அதற்கான சர்வே தேதி வந்துவிட்டால் எங்கள் பிரிவில் யாருக்கும் தூக்கம் இருக்காது. கேஸ் ஷீட்டில் விட்டுப்போன கையெழுத்தில் தொடங்கி, தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி வரை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சான்றிதழ் வந்ததும் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள். இந்த வேலை எங்கே, யாரால், எதற்காக ஆரம்பித்தது என்பதை அந்தந்த ஊரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இப்போதுதான் வாய்த்திருக்கிறது. அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிவிடுவதாக உத்தேசம்.

முதலில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. அதன் புல்ஃபின்ச் கட்டடத்தின் உச்சியில் ஈதர் டோம் என்ற பழைய அறுவை அரங்கம் இருக்கிறது. ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்யலாம் என்பதை 1846 அக்டோபர் 16 அன்று இங்கேதான் பலர் முன்னிலையில் செய்து காட்டினார்கள். செங்குத்தாக ஏறும் இருக்கை வரிசைகள், கூரை வழியே விழும் வெளிச்சம். வருகிறவர்கள் எல்லோரும் ஈதரின் கதைக்காக வருகிறார்கள். நான் வந்தது, அதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து இதே மருத்துவமனையில் ஈதர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவருக்காக.

எர்னஸ்ட் ஏமரி காட்மன். ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கும் அவருடைய நண்பர் ஹார்வி குஷிங்குக்கும் ஒரு பந்தயம்: யார் கொடுக்கும் மயக்கம் நோயாளியைக் குறைவாகப் படுத்துகிறது என்று. அதைத் தீர்மானிக்க, அறுவை நடக்க நடக்க நாடித் துடிப்பையும் மற்ற குறிகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார்கள். இது 1894, 95 வாக்கில். இன்று எந்த நாட்டு ஆபரேஷன் தியேட்டரிலும் மயக்க மருத்துவர் கையில் இருக்கும் சார்ட்டுக்கு முன்னோடி அந்தத் தாள்தான்.

காட்மன் அதோடு விடவில்லை. அறுவை சிகிச்சை மருத்துவராக ஆன பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். என்ன நோய் என்று நினைத்தோம், என்ன செய்தோம், அப்புறம் என்ன ஆனது. வீட்டுக்கு அனுப்பியதோடு கணக்கு முடியாது. போதுமான காலம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், குணமாகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை என்று எழுத வேண்டும். இதைத்தான் அவர் 'இறுதி விளைவு' என்றார். இந்தக் கணக்கை எல்லா மருத்துவமனைகளும் வெளியிட வேண்டும் என்று சொன்னதுதான் பாஸ்டன் மருத்துவர்களுக்குப் பொறுக்கவில்லை.

பீக்கன் ஹில் பகுதியில் பிங்க்னி தெரு என்ற ஏற்றமான தெரு. 1911ல் காட்மன் இங்கே தன் சொந்த மருத்துவமனையைத் திறந்தார். மொத்தம் 12 படுக்கைகள். பணிமூப்பை வைத்துப் பதவி உயர்வு கொடுப்பதை எதிர்த்து 1914ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் வேலையை உதறினார். 1915 ஜனவரியில் ஒரு மருத்துவக் கூட்டத்தில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திரை விலக்கிக் காட்டினார். மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு பொன் முட்டை இடும் நெருப்புக்கோழியாக ஊரின் பணக்கார நோயாளிகளை வரைந்திருந்தார்கள். உண்மை தெரிந்தால் அது முட்டை போடுவதை நிறுத்திவிடுமோ என்ற கவலை மருத்துவர்களுக்கு. கூட்டத்தில் ஒரே அமளி.

1911 முதல் 1916 வரை அவருடைய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அவர்களுடைய சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளை அவரே வகை பிரித்தார். அறிவுக் குறைவா, முடிவெடுத்ததில் கோளாறா, கவனக்குறைவா, நோயைக் கண்டுபிடிப்பதிலேயே தவறா என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் போட்டு அச்சிட்டு வெளியிட்டார். இன்றைக்கு எத்தனை மருத்துவமனைகள் இதைச் செய்யும்? சான்றிதழ் மாட்டியிருக்கும் மருத்துவமனைகளையும் சேர்த்தே கேட்கிறேன்.

மாலையில் கேம்பிரிட்ஜில் உள்ள மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். காட்மன் 1940ல் இறந்தார். அவருடைய கல்லறைக்கு 2014 வரை ஒரு கல்கூடக் கிடையாது. பிறகு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒன்றை நட்டன. அதைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நடக்க வேண்டும்.

செவ்வாய், சிகாகோ

காட்மன் தொடங்கியதை அமைப்பாக மாற்றியது அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரி. பெயரில் கல்லூரி என்றிருந்தாலும் அது மருத்துவர்களின் சங்கம். 1913ல் தோன்றியது, தலைமையகம் சிகாகோ. ஈரி தெருவில் அவர்கள் 1926ல் திறந்த மர்ஃபி நினைவு மண்டபம் வெண்கலக் கதவுகளோடு கம்பீரமாக நிற்கிறது. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். கட்டடத்தைவிடக் கதை பெரியது.

1917ல் இந்தக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு ஒரு குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. ஒரே பக்கம், ஐந்தே அம்சம். மருத்துவர்கள் ஒரு குழுவாக அமைய வேண்டும். முறையாகப் படித்து, நன்னடத்தை உள்ளவர்களை மட்டும் சேர்க்க வேண்டும்; நோயாளியை அனுப்பிவைத்ததற்குக் கட்டணத்தில் பங்கு போட்டுக்கொள்வது கூடாது. மாதம் ஒருமுறையாவது கூடித் தங்கள் சிகிச்சைகளை அலச வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான பதிவேடு வேண்டும். ஆய்வகமும் எக்ஸ்ரே வசதியும் வேண்டும். அவ்வளவுதான். இன்று எங்கள் மேசையில் இருக்கும் தரக் கையேட்டைத் தூக்கவே இரண்டு கை வேண்டும்.

அந்த ஒற்றைப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நாடு முழுக்கப் போய்ப் பார்த்தார்கள். 100 படுக்கைக்கு மேல் உள்ள 692 மருத்துவமனைகள். தேறியவை 89. தேறாதவற்றில் நாட்டின் மிகப் பெயர்பெற்ற மருத்துவமனைகளும் இருந்தன. 1919ல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் கூட்டம். எத்தனை தேறின என்ற எண்ணிக்கையைச் சொன்னார்கள். ஆனால் பெயர்ப் பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அதை ஓட்டலின் உலையில் போட்டு எரித்துவிட்டார்கள். உலகில் மருத்துவமனை அங்கீகாரம் என்ற ஏற்பாடு பிறந்தது இப்படித்தான், முதல் முடிவுகளைச் சாம்பலாக்கிவிட்டு. எனக்கு இது ஆறவே இல்லை. அந்த 603 மருத்துவமனைகளில் அந்த வாரம் படுத்திருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

வேலை நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் தேறியவை கூடிக்கொண்டே போயின. 1951ல் கல்லூரியோடு மற்ற மருத்துவ அமைப்புகளும் மருத்துவமனைகளின் சங்கமும் சேர்ந்து கூட்டு ஆணையத்தைத் தொடங்கின. ஜாயின்ட் கமிஷன் என்று நாம் சொல்வது அதைத்தான். 1965ல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வந்தபோது, இந்த ஆணையத்தின் அங்கீகாரம் இருந்தாலே அரசுப் பணம் பெறத் தகுதி உண்டு என்று சட்டம் சொல்லிவிட்டது. விருப்பப்பட்டுச் சேரும் ஏற்பாடு அன்றோடு பிழைப்பின் கேள்வியாக மாறியது.

ஆணையத்தின் அலுவலகம் சிகாகோவின் மேற்குப் புறநகரான ஓக்புரூக் டெரஸில். பிற்பகலில் அங்கும் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் அலுவலகக் கட்டடங்கள், பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. இங்கிருந்துதான் 2004ல் டிரேசர் முறை வந்தது. மதிப்பீட்டாளர் ஃபைல் கேட்டு உட்கார்வதில்லை. வார்டில் படுத்திருக்கும் ஒருவரின் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு, அவர் வந்த வழியிலேயே நடக்கிறார். அவசரப் பிரிவு, ஸ்கேன், தியேட்டர், ஐசியூ, வார்டு. மருந்து கொடுக்கும் சிஸ்டர் பக்கத்தில் நின்று, ஊசி போடும் முன் நோயாளியின் பெயரோடு பிறந்த தேதியோ பதிவு எண்ணோ சேர்த்துச் சரிபார்க்கிறாரா, இல்லை "பெட் நம்பர் பன்னிரண்டா?" என்று கேட்டுவிட்டுப் போட்டுவிடுகிறாரா என்று பார்க்கிறார். என் அனுபவத்தில், இதில் நடிக்க முடியாது. பத்து நிமிடம் பக்கத்தில் நின்றால் பழக்கம் எது, ஒத்திகை எது என்று தெரிந்துவிடும்.

2006 முதல் சர்வேக்கள் முன்னறிவிப்பில்லாமல் வர ஆரம்பித்தன. அதை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2017ல் வெளியானது. இந்தப் பயணத்துக்கு என்னைத் தள்ளியதே அந்த ஆய்வுதான். 2008 முதல் 2012 வரை, ஏறக்குறைய 2,000 அமெரிக்க மருத்துவமனைகள். சர்வே குழு உள்ளே இருக்கும் வாரத்தில் சேர்ந்த மெடிகேர் நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 7.03 சதவீதம். அதற்கு முன்னும் பின்னுமுள்ள வாரங்களில் 7.21 சதவீதம். பெரிய போதனா மருத்துவமனைகளில் வித்தியாசம் இன்னும் கூடுதல்: 5.93, 6.41. அதே மருத்துவமனை, அதே மருத்துவர்கள். ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைத் தேடினார்கள். கீழே விழுதல், தொற்று போன்ற வழக்கமான பாதுகாப்புக் கணக்குகளில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. ஆட்கள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு இருந்திருக்கலாம் என்பது அவர்களுடைய யூகம்.

சதவீதத்தில் சின்ன எண்தான். ஆனால் யாரும் பார்க்காத மற்ற வாரங்களில் சேருகிறவர்களை நினைத்தால் சின்னதாகத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2018ல் வந்த வேறொரு ஆய்வு சுமார் 4,400 அமெரிக்க மருத்துவமனைகளை ஒப்பிட்டது. தனியார் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்றவை ஒரு பக்கம், மாநில அரசின் ஆய்வை மட்டும் கடந்தவை மறுபக்கம். இறப்பு விகிதத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆணையத்தின் அங்கீகாரத்துக்கும் மற்ற அமைப்புகளின் அங்கீகாரத்துக்கும் இடையிலும் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இந்த ஆய்வைப் பேச விரும்புவதில்லை. பேச வேண்டும்.

வியாழன், லண்டன்

தேம்ஸ் நதிக்கரையில் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. அதன் வளாகத்திலேயே ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அருங்காட்சியகம். விளக்கு இருக்கிறது, அவர் வளர்த்த அதீனா என்ற ஆந்தையும் பாடம் செய்யப்பட்டு இருக்கிறது. குழந்தைகள் ஆந்தையைச் சுற்றித்தான் நிற்கிறார்கள்.

நான் நின்றது அவருடைய 1858 வரைபடத்தின் முன்னால். கிரிமியப் போரில் இறந்த பிரிட்டிஷ் படைவீரர்களின் கணக்கு, மாதத்துக்கு ஒரு இதழாகப் பூப்போல விரிகிறது. சிவப்பு, போர்க்காயத்தால் இறந்தவர்கள். கறுப்பு, பிற காரணங்கள். நீலம், தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்கள். 1855 ஜனவரியின் நீல இதழ் தாளை விட்டே வெளியேறிவிடும்போல் அவ்வளவு பெரிது. சிவப்பு அதற்குள் ஒரு சின்னத் துண்டு. அந்த மார்ச்சில் சுகாதாரக் குழு, அந்தப் படைவீரர்களைச் சேர்த்திருந்த ஸ்குட்டாரி மருத்துவமனைக்கு வந்து சாக்கடையையும் காற்றோட்டத்தையும் சரிசெய்தது. பிறகு வரும் மாதங்களில் நீலம் சுருங்கிக்கொண்டே போகிறது.

விளக்கோடு வார்டில் நடந்தவராகத்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் மருத்துவமனைக்கு மருத்துவமனை கணக்கு எழுதும் முறை வேறாக இருந்தால் எதையும் ஒப்பிட முடியாது என்று, எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரே படிவம் வேண்டும் என 1860ல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் முன்வைத்தவரும் அவரே. காட்மனுக்கு அரை நூற்றாண்டு முன்னால்.

மாலையில், இங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் தங்கை முறையான ஒருத்தியைப் பார்த்தேன். இங்கிலாந்தில் சேவைத் தர ஆணையம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நான்கில் ஒரு தரம் கொடுக்கிறது: மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது. அதைப் பொதுமக்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். "வாசலில் 'மேம்பட வேண்டும்' என்று ஒட்டியிருக்கும் இடத்தில் வேலை செய்ய சங்கடமாக இருக்காதா?" என்று கேட்டேன். "இருக்கும் அக்கா. ஆனால் நோயாளிகள் அதைப் படித்துவிட்டு எங்களைக் கேள்வி கேட்கிறார்கள். கேட்டால்தானே மேலே இருப்பவர்கள் ஆள் போடுவார்கள்" என்றாள்.

வெள்ளி, ஸ்டாஃபர்ட்

லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சுற்றுலாப் பயணிகள் வரும் ஊர் இல்லை. அமைதியான சிறு நகரம். மருத்துவமனை நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது, இப்போது அதற்கு கவுன்ட்டி மருத்துவமனை என்று பெயர். 2014ல் மாற்றினார்கள். பழைய பெயர் ஸ்டாஃபர்ட் மருத்துவமனை.

2005 முதல் 2009 வரை இங்கே நடந்தது பிரிட்டனையே உலுக்கியது. போதிய செவிலியர் இல்லை. உதவி கேட்டு மணியடித்தால் வர ஆளில்லை. முதியவர்கள் அசுத்தமான படுக்கையிலேயே கிடந்தார்கள். சாப்பாட்டுத் தட்டை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போய், பிறகு வந்து அப்படியே எடுத்துப்போனார்கள். நிர்வாகத்தின் கவனமெல்லாம் செலவைக் குறைப்பதிலும், தன்னாட்சி பெற்ற 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' என்ற தகுதியை அடைவதிலும் இருந்தது. அந்தத் தகுதி கிடைத்தது. எப்போது? 2008 பிப்ரவரியில், எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணை அறிக்கை வந்து உண்மை வெளியானது.

இதை முதலில் காட்டிக்கொடுத்தவை இரண்டு. ஒன்று, எதிர்பார்ப்பதைவிட இறப்புகள் அதிகம் என்று சொன்ன புள்ளிவிவரம். எண்களைப் பதிந்த விதத்தில் பிழை இருக்கும் என்று நிர்வாகம் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது, இறந்தவர்களின் குடும்பத்தார். தாயை இழந்த மகள்களும் கணவனை இழந்த மனைவிகளும் சேர்ந்து இயக்கமாகி, கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் விடாமல் கேட்டதால்தான் பொது விசாரணை வந்தது. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான அந்த விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு முடிந்தது. சிகிச்சையில் தீங்கு நேர்ந்தால் நோயாளியிடமோ குடும்பத்திடமோ மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற சட்டக் கடமை அதன் பிறகுதான் இங்கிலாந்தில் வந்தது, 2014 நவம்பரில்.

மருத்துவமனைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தரப் பிரிவில் இருக்கும் எவரும் ஒருமுறை இந்த ஊருக்கு வர வேண்டும் என்று தோன்றியது. எத்தனையோ அமைப்புகளின் மேற்பார்வை இந்த மருத்துவமனை மேல் இருந்தது. ஒவ்வொன்றும் தன் பங்குக் காகிதத்தைப் பார்த்தது. மணியடித்தவரின் அருகில் யாரும் போகவில்லை.

ஞாயிறு, கோபன்ஹேகன்

டென்மார்க் வந்ததற்கு ஒரே காரணம்: அங்கீகாரத்தைக் கொண்டுவந்து, பிறகு வேண்டாம் என்று விட்ட நாடு இது. டென்மார்க் தரமாதிரி என்ற பெயரில் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் ஒரே திட்டம் இருந்தது. 2015 வசந்தத்தில் அரசு அதை மருத்துவமனைகளுக்கு நிறுத்துவதாக அறிவித்தது. எழுதுவதிலேயே நேரம் போகிறது, நோயாளியைப் பார்க்க நேரமில்லை என்று மருத்துவர்களும் செவிலியர்களும் சொன்னதுதான் காரணம். அதற்குப் பதிலாக எட்டு தேசிய இலக்குகளை வைத்தார்கள்.

அதே 2015ல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்வு, முழு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் பகுதி அங்கீகாரம் பெற்றவற்றைவிட இறப்பு சற்றுக் குறைவு என்று காட்டியது. ஆக, பயனே இல்லாத ஒன்றைத் தூக்கிப் போட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் டென்மார்க் இந்தத் துணிச்சலைக் காட்ட முடிந்ததற்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1968 முதல் இங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், வீட்டுக்குப் போன பிறகு வேறு ஊரில் சேர்ந்தாலும், இறந்தாலும், அதே எண்ணில் பதிவாகும். இடுப்பு எலும்பு முறிவு, பக்கவாதம், புற்றுநோய் என்று ஒவ்வொன்றுக்கும் தேசியப் பதிவேடுகள் இருக்கின்றன. காட்மன் அட்டை அட்டையாக எழுதியதை இங்கே நாடே செய்கிறது. கூடவே 2004ல் வந்த ஒரு சட்டம்: சிகிச்சையில் நேரும் தவறுகளை ஊழியர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், தெரிவித்ததற்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது. உலகில் இப்படிச் சட்டம் இயற்றிய முதல் நாடுகளில் இதுவும் ஒன்று.

இந்த இரண்டும் இல்லாத நாடு, டென்மார்க்கே விட்டுவிட்டது என்று காட்டி அங்கீகாரத்தைக் கைவிடுவது ஆபத்து. காகிதம் அதிகம் என்ற புகார் நியாயமானது. அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் என்ன இருக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

செவ்வாய், வியன்னா

பழைய பொது மருத்துவமனையின் முற்றங்கள் இப்போது வியன்னா பல்கலைக்கழக வளாகம். மரநிழலில் மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இதே முற்றங்களில் ஒரு காலத்தில் பிரசவத்துக்கு வந்த பெண்கள், "முதல் பிரிவில் சேர்க்காதீர்கள்" என்று கையெடுத்துக் கெஞ்சியிருக்கிறார்கள்.

பிரசவப் பிரிவு இரண்டு. முதலாவதில் மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி, இரண்டாவதில் மருத்துவச்சிகளுக்கு. முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலில் இறந்தவர்கள் சராசரியாகப் பத்தில் ஒருவர். இரண்டாவதில் அதில் பாதிகூட இல்லை. ஊருக்கே தெரிந்திருந்தது. வழியிலேயே பிள்ளை பெற்றுவிட்டு வந்த பெண்கள்கூட முதல் பிரிவில் பெற்றவர்களைவிட நன்றாகப் பிழைத்தார்கள். 1847 மார்ச்சில் கொல்லெட்ச்கா என்ற மருத்துவர், பிரேதப் பரிசோதனையில் கத்தி கீறி இறந்தபோது இக்னாஸ் செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. அந்தப் பெண்களின் உடலில் கண்ட அதே மாற்றங்கள் இவருடைய உடலிலும். மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள். மே மாத நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்றார். ஏப்ரலில் இறப்பு 18.3 சதவீதம். ஜூனில் 2.2. ஜூலையில் 1.2.

கை கழுவுதலைக் கண்டவர் என்று எல்லோரும் அவரைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த மருத்துவமனை பிரிவுவாரியாக, மாதவாரியாக இறப்புகளை எழுதி வைத்திருந்தது. அந்தப் பேரேடு இல்லாமல் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இருப்பதை நிரூபிக்கவே முடியாது. பேரேடு இருந்தும் அவருடைய மேலதிகாரிகள் ஏற்கவில்லை என்பது அடுத்த சோகம். 1849ல் அவருடைய பதவியை நீட்டிக்கவில்லை. 1865ல் மனநலக் காப்பகம் ஒன்றில் இறந்தார்.

புதன், ரயிலில்

வியன்னாவிலிருந்து சூரிக் வழியாக ஜெனிவா. நாள் முழுக்க ரயில், ஜன்னலுக்கு வெளியே மலைகள். இதுவரை விட்டுப்போனதைக் கொஞ்சம் எழுதிக்கொள்கிறேன்.

அமெரிக்க ஆணையம் 1994ல் தன் சர்வதேசக் கிளையைத் தொடங்கியது. ஜேசிஐ என்று விளம்பரங்களில் பார்ப்பது இதுதான். அதன் முதல் சான்று 1999ல் பிரேசிலின் சாவோ பாலோவில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவமனைக்குப் போனது. ஆசியாவில் முதலில் பெற்றது பாங்காக்கின் பம்ருன்கிராட், 2002ல். வெளிநாட்டு நோயாளிகளை ஈர்க்க அந்தத் தங்க முத்திரை பெரிதும் உதவியது. கனடா 1950களிலேயே தனியாகப் பிரிந்தது, ஆஸ்திரேலியா 1970களில் சொந்த அமைப்பைத் தொடங்கியது, இந்தியாவுக்கு என்ஏபிஎச் இருக்கிறது. பிரான்சில் இது விருப்பம் சார்ந்தது இல்லை, எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயம். இந்த அமைப்புகளையே மதிப்பிட்டுச் சான்று தரும் ஏற்பாடும் உண்டு. அதை ஆரம்பித்த இஸ்குவா என்ற சங்கம் டப்ளினில் இருக்கிறது. அங்கே போக இந்த முறை நேரமில்லை.

வியாழன், ஜெனிவா

ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனைகளின் படுக்கைகளில் ஒரு சின்ன பாட்டில் தொங்கும் என்று படித்திருந்தேன், பார்த்தேன். சாராயம் கலந்த கைத்தேய்ப்பு. கோவிட் காலத்துக்குப் பிறகு அதில் அதிசயம் எதுவும் தெரியாது. 1990களில் அது பெரிய மாற்றம். டிடியே பிட்டே என்ற தொற்றுத்தடுப்பு மருத்துவர், செவிலியர்கள் ஏன் கை கழுவுவதில்லை என்று திட்டுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று எண்ணிப் பார்க்க ஏற்பாடு செய்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் இருபது முறைக்கு மேல் கை சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வருவதென்றால் நோயாளியைக் கவனிப்பது எப்போது? சோம்பல் காரணமில்லை, நேரம்தான் காரணம். கைத்தேய்ப்பு இருபது முப்பது விநாடியில் முடிந்துவிடும், நடந்துகொண்டேகூட. அதைப் படுக்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1994க்கும் 1997க்கும் இடையில் கை சுத்தம் செய்வது 48 சதவீதத்திலிருந்து 66 சதவீதமானது. மருத்துவமனையில் தொற்றுக்கு ஆளானவர்கள் 16.9 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தார்கள்.

அந்த 66ஐப் பாருங்கள். நூறு அல்ல. அதையும் அப்படியே வெளியிட்டார்கள்.

பிற்பகலில் உலக சுகாதார நிறுவனத்தின் பக்கம். இங்கிருந்து 2008ல் வந்தது அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், 19 அம்சங்கள். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுக் கிளம்பும் முன் என்று மூன்று நிறுத்தங்கள். எட்டு நகரங்களில் சோதித்தார்கள், டான்சானியாவின் இஃபகாராவிலிருந்து சியாட்டில் வரை. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆயின. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதைக் கட்டாயமாக்கியது. அங்கே 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014ல் வந்தபோது, பட்டியலைப் பயன்படுத்துவதாக எல்லோரும் சொல்லியிருந்தும் குறிப்பிடும்படியான மாற்றம் ஏதும் தெரியவில்லை. ஏன் என்று பெரிய விவாதம் நடந்தது. தியேட்டர்களில் நின்று பார்த்திருக்கிறேன் என்பதால் என் கருத்தைச் சொல்கிறேன். பட்டியலை உரக்கப் படிக்கும்போது சர்ஜன் கையை நிறுத்தி, மயக்க மருத்துவர் தலையை நிமிர்த்தி, சிஸ்டர் பஞ்சுகளை எண்ணிச் சொல்லும் தியேட்டர் உண்டு. அறுவை முடிந்த பிறகு ஒரே பேனாவில் பத்தொன்பதுக்கும் டிக் அடிக்கும் தியேட்டரும் உண்டு. சர்வேயில் இரண்டு தாளும் ஒன்றுபோலவே இருக்கும்.

2018ல் வந்த ஒரு சர்வதேச ஆணையத்தின் மதிப்பீடு, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் ஆண்டுக்கு 50 லட்சம் பேர் மருத்துவ வசதியை எட்டிய பிறகும், அந்தச் சிகிச்சை தரமில்லாமல் போனதால் இறக்கிறார்கள் என்றது. வசதியே கிடைக்காமல் இறப்பவர்கள் 36 லட்சம். ஆஸ்பத்திரி கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெள்ளி, ஜெனிவா

இன்று ஊர் சுற்றவில்லை. காலையில் ஒரு தோழியிடமிருந்து செய்தி. அவளுடைய அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்ற வேண்டும். "நீ இவ்வளவு எழுதுகிறாயே, எந்தச் சான்றிதழ் உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போகட்டும், அதை மட்டும் சொல்" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எழுதியதை இங்கேயும் போடுகிறேன்.

சான்றிதழ் இருக்கிறதா என்று கட்டாயம் பார். பதிவேடு, கிருமிநீக்கம், தீப்பாதுகாப்பு என்று அடிப்படைகள் இருக்கின்றன என்பதற்கு அது அத்தாட்சி. காலாவதியாகிவிட்டதா என்று அந்தச் சான்று தந்த அமைப்பின் இணையதளத்தில் சரிபார். முழு மருத்துவமனைக்கும் தந்ததா, ஆய்வகத்துக்கு மட்டும் தந்ததா என்றும் பார்.

அப்புறம் நேரில் போய்க் கேள். போன ஆண்டு இந்த மருத்துவர் எத்தனை முழங்கால் மாற்றினார்? அதில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது? எத்தனை பேர் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டியிருந்தது? ஆறு மாதம் கழித்து யார் கூப்பிட்டு நடக்க முடிகிறதா என்று கேட்பார்கள்? எந்தக் கால் என்று அப்பா விழித்திருக்கும்போதே அவரிடம் கேட்டு அடையாளம் போடுவார்களா? ராத்திரியில் வார்டில் ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளிகள்?

எண்களோடு பதில் வந்தால் நல்லது, அந்த எண்கள் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. நூற்றுக்கு நூறு, ஒரு தொற்றுகூட இல்லை என்று சொன்னால் எப்படி எண்ணினார்கள் என்று கேள்.

உடனே பதில் எழுதினாள்: "அதெல்லாம் சொல்ல மாட்டோம் என்றால்?"

அடுத்த மருத்துவமனைக்குப் போய் இதே கேள்விகளைக் கேள் என்று எழுதினேன். திங்கட்கிழமை முதல் இடத்துக்குப் போகிறாளாம். கேள்விகளை அச்செடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.